பூட்டனின் திசைகாட்டி

லா ரோஷெல் துறைமுகத்தில் அந்தப் படகைக் கண்டதும், இவ்வளவு சின்னதா என்றுதான் முதலில் நினைத்தேன். பன்னிரண்டு மீற்றர் நீளம். இரும்பு உடம்பு, முழுக்கச் சிவப்பு. இரண்டு பாய்மரம். புத்தகத்தில் படித்துப் படித்து அது என் மனதுக்குள் பெரிய கப்பலாக வளர்ந்திருந்தது. பக்கத்தில் கட்டியிருந்த படகுகளின் பாய்க்கயிறுகள் மரத்தோடு அடிபட்டு ஓயாமல் சத்தம் போட்டன. அந்தச் சத்தத்துக்குள் எங்கோ ஒரு கயிறு மட்டும் இறுகி நின்று ரீங்காரம் போட்டது. எனக்குக் கால் தளர்ந்துவிட்டது. தைப்பொங்கலை அண்டிய நாட்களில் எங்கள் ஊர் வானத்தில் இரவிரவாகக் கூவும் பட்டத்து விண்ணின் சத்தம் அது.

என் ஊர் வல்வெட்டித்துறை. பொங்கல் காலத்தில் பின்னேரம் ஏற்றின பட்டத்தை இறக்கமாட்டார்கள். கயிற்றைப் பூவரசிலோ தென்னையிலோ கட்டிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். விண் விடியும்வரை கூவிக்கொண்டே இருக்கும். பாயில் படுத்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டே, காற்று ஏறுகிறதா விழுகிறதா என்று சொல்லிவிடலாம். என் பாட்டன், அப்பு, சொல்லுவார். நித்திரைக்குள் இருந்து சொல்லுவார்: "வாடை கொஞ்சம் விழுந்திட்டுது மோனை."

38 வருஷமாகப் பாரிஸில் இருக்கிறேன். உணவகச் சமையலறைகளில் வேலை. வந்த புதிதில் கோப்பை கழுவினேன், பிறகு மரக்கறி வெட்டினேன், இப்போது அடுப்படியில் நிற்கிறேன். அந்த அறைகளில் பெரும்பாலானவற்றுக்கு யன்னல் கிடையாது. வெளியே என்ன காற்று அடிக்கிறது என்று தெரியாமலே எத்தனையோ நாட்கள் போயிருக்கின்றன. கூட வேலை செய்த பிரெத்தோன்காரர் ஒருவர், என் ஊர்க் கதையைக் கேட்டுவிட்டு, ஒருநாள் ஒரு பழைய புத்தகத்தைக் கொண்டுவந்து கையில் தந்தார். பேர்னார் மொய்த்தெசியே 1971இல் வெளியிட்ட "நீண்ட வழி". அகராதியும் கையுமாக, வேலைக்குப் போகிற ரயிலில் ஒரு வருஷம் படித்தேன். படகின் உறுப்புகளைச் சொல்லும் பிரெஞ்சுச் சொற்கள் எனக்குத் தெரியாது. அகராதி விளக்கத்தை வாசித்ததும் அப்புவின் குரலில் சொல் வந்துவிடும். அணியம். கடையார். பறுவான். சுக்கான். வருஷக்கணக்காக வாயில் வராத சொற்கள்.

மொய்த்தெசியே பிரெஞ்சுக்காரர் என்றாலும் பிரான்சில் பிறந்தவர் அல்லர். 1925இல் ஹனோயில் பிறந்து சைகோனில் வளர்ந்தார். பள்ளி விடுமுறையைச் சீயம் வளைகுடாக் கரையில் ஒரு மீனவர் கிராமத்தில் கழிப்பார். பாய் கட்டுவது, தண்ணீரின் நிறம் பார்த்து ஆழம் அறிவது, கவண் எறிவது எல்லாம் அந்தக் கிராமத்துப் பெடியள் பழக்கியவை. போர் வந்தது. சப்பானியர் பிடித்து அடைத்தார்கள். அதன்பிறகு நாடே பற்றி எரிந்தது. அவருடைய தம்பி ஒருவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். 1952இல் ஒரு பழைய மரப் பாய்க்கலத்தில் அந்தக் கரையை விட்டுத் தனியாக வெளிக்கிட்டார்.

அந்த முதற் பயணத்தைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு பதறியது. சிங்கப்பூரிலிருந்து மேற்கே, தென்மேற்குப் பருவக்காற்றுக்கு நேர் எதிரே போனார். நாங்கள் சோளகம் என்போமே, அந்தக் காலம். எங்கள் ஆட்கள் யாரும் செய்யாத காரியம். பலகை இடுக்குகளால் தண்ணீர் உள்ளே வந்தது. நடுக்கடலில் படகை நிறுத்தி, முகமூடி போட்டுக்கொண்டு அடியில் முங்கிக் கலப்பத்து அடித்தார். கரையில் கலப்பத்து அடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். உளியும் கொட்டாப்புளியும் பிடித்தவன் குந்தியிருந்து, ஒவ்வொரு அடிக்கும் காதைக் கொடுத்துக் கேட்டு, நாரை இறுக்குவான். அதை மூச்சடக்கிக்கொண்டு, கீழே அடியில்லாத நீலத்துக்கு மேலே தொங்கிக்கொண்டு ஒரு மனிதர் செய்தார். எவ்வளவு கிழக்கே மேற்கே நிற்கிறோம் என்று கணக்கிட அவரிடம் நேரம் காட்டும் நல்ல கருவி இருக்கவில்லை. எண்பத்தைந்தாம் நாள் இரவு தியேகோ கார்சியாவின் பவளப்பாறையில் படகு ஏறி உடைந்தது. மொரிஷியஸில் மூன்று வருஷம் உழைத்து இரண்டாவது படகைக் கட்டினார். 1958இல் மேற்கிந்தியத் தீவுகளில், செய்ன்ட் வின்சன்ட் கரையில், அவர் நித்திரையாக இருந்தபோது அதுவும் போய் மோதியது.

இரண்டு படகையும் தொலைத்த மனிதர் எழுதிப் பிழைத்தார். முதற் புத்தகத்தைப் படித்துவிட்டு, கடலே இல்லாத ஷொஃபாய் என்ற உள்நாட்டு ஊரில் இரும்புப் பட்டறை வைத்திருந்த ழான் ஃப்ரிகோ என்பவர், நான் உனக்கு இரும்பில் படகு கட்டித் தருகிறேன் என்று வந்தார். தந்திக் கம்பங்களைப் பாய்மரமாக நட்டார்கள். தனியாக முதன்முதல் உலகைச் சுற்றிய ஜோஷுவா ஸ்லோகமின் நினைவாக மொய்த்தெசியே படகுக்கு ஜோஷுவா என்றே பெயர் வைத்தார். 1965-66இல் மனைவி பிரான்சுவாஸும் அவரும் தாஹிதியிலிருந்து கேப் ஹோர்ன் முனையைச் சுற்றி ஸ்பெயினின் அலிகாந்தே வரை, எங்கும் நில்லாமல், 126 நாளில் வந்து சேர்ந்தார்கள்.

அந்தப் பயணத்தில் ஒரு புயல். படகு வேகமெடுத்துத் தலைகுப்புறப் போகாமல் இருக்க, கடையாரிலிருந்து நீளக் கயிறுகளைப் பின்னால் இழுபட விட்டிருந்தார். கயிறுகள் படகைப் பிடித்து வைத்ததால் அலைகள் அதன்மேல் ஏறி விழுந்தன. கடைசியில் கத்தியை எடுத்துக் கயிறுகளை வெட்டிவிட்டார். படகு அலையோடு ஓடத் தொடங்கியது. தெற்குப் பெருங்கடலில் அப்படிக் கயிறு இழுத்துப் புயலைத் தாண்டி, அதை எழுதியும் வைத்த இன்னொரு கடலோடி அமெரிக்கரான வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன். அவருடைய கப்பல் வருவா. அந்தப் பெயரை வாசித்தபோது ரயிலில் நான் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது.

ரொபின்சன் என்ற பெயர் எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கும் தெரியும். வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்க்கப்பல் அன்னபூரணியை 1930களில் வாங்கியவர் அவர். தன் மனைவியின் பெயரைச் சூட்டி அதை ஃப்ளோரன்ஸ் சி. ரொபின்சன் ஆக்கினார். எங்கள் ஊர் மாலுமிகள் அதைச் சுயஸ் கால்வாய் வழியாக, ஜிப்ரால்டரைத் தாண்டி, அத்லாந்திக்கைக் கடந்து, 1938இல் மசாசுசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய்க் கட்டினார்கள். அது முழுக்க வேப்பம் பலகை என்று அம்மம்மா சொல்லுவா. அது போனபோது அப்பு இளந்தாரி. தன்னையும் கூட்டிக்கொண்டு போகவில்லை என்ற மனவருத்தம் அவருக்குச் சாகும்வரை இருந்தது.

அப்புவின் தகப்பன், என் பூட்டன், தண்டையல். ரங்கூன் ஓட்டம். அரிசியும் தேக்கும் ஏற்றி வருகிற பாய்க்கப்பல்களை ஓட்டியவர். நான் அவரைக் கண்டதில்லை. அவருடைய திசைகாட்டியைக் கண்டிருக்கிறேன். பித்தளைக் கிண்ணம், ஒரு கைப்பிடி அகலம், மேலே தடித்த கண்ணாடி. ஒரு பக்கத்தில் சின்னக் கீறல். சுவாமி அறையில், முத்துமாரி அம்மன் படத்துக்குக் கீழே, சிவப்புப் பட்டில் வைத்திருந்தார்கள். சரஸ்வதி பூசையன்று மட்டும் வெளியே எடுத்துப் புளி போட்டுத் துலக்கி, சந்தனம் வைப்பார்கள். அப்போது அதை ஏந்திக்கொண்டு ஒரு முறை சுற்றி வர அப்பு என்னை விடுவார். நான் எவ்வளவு சுற்றினாலும் முள் கடலைப் பார்த்தே நிற்கும். எங்கள் ஊருக்கு வடக்கு என்றால் கடல்தான்.

எனக்கு எட்டு வயதானபோது அப்பு கடலுக்குக் கூட்டிப்போகத் தொடங்கினார். அப்போது ஊரில் அநேகம் பேர் எஞ்சினுக்கு மாறிவிட்டார்கள். அப்பு தன் வள்ளத்தில் பாயை விடவில்லை. கரை மங்கின பிறகு சுக்கானை என் கையில் தந்து, கண்ணை மூடச் சொல்லுவார். "காத்து எந்தக் கன்னத்திலை படுது?" இடது என்பேன். "காதிலையோ கன்னத்திலையோ?" காதுக்குக் கொஞ்சம் முன்னால் என்பேன். "அங்கினையே வைச்சுக்கொள். அது கண்ணுக்கு வந்தால் தள்ளு. பிடரிக்குப் போனால் இழு." இவ்வளவுதான் பாடம். கண்ணைத் திறந்தால் தலையில் ஒரு தட்டு. கொஞ்ச நேரத்தில் கைக்கும் கன்னத்துக்கும் இடையில் நான் என்று ஒருவன் தேவைப்படாமல் போகும். பாய் ஒருமுறை படபடத்து அடங்கும். சுக்கான் கைக்குள் உயிருள்ள மீன்போல லேசாகத் துடிக்கும். அதற்குப் பிறகு நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் எத்தனையோ உண்டு. அப்படியொரு நிறைவு திரும்பி வரவில்லை.

1986இல், பதினாறு வயதில், கொழும்பு வழியாக வெளிக்கிட்டேன். கப்பலோட்டிய குடும்பத்துப் பிள்ளை ஊரை விட்டுப் போனது விமானத்தில். யன்னலால் பார்த்தேன், கீழே முகில் மட்டும் தெரிந்தது.

1968இல் லண்டன் பத்திரிகை ஒன்று, தனியாக, எங்கும் நில்லாமல் முதலில் உலகைச் சுற்றி வருபவருக்கு ஒரு தங்கக் கோளமும் அதிவேகமாக வருபவருக்கு 5,000 பவுணும் என்று அறிவித்தது. மொய்த்தெசியே அந்த ஓகஸ்ட் 22ஆம் திகதி பிளிமத்தில் இருந்து புறப்பட்டார். வானொலிக் கருவி தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டார். கவண் போதும் என்றார். வழியில் கப்பல் கண்டால், ஃபிலிம் சுருளும் கடிதமும் வைத்த சின்ன அலுமினியக் குப்பியைக் கவணில் வைத்துக் கப்பல் தட்டுக்கு எறிவார். சீயம் வளைகுடாப் பெடியள் குருவி அடிக்கப் பழக்கிய அதே கை.

நியூசிலாந்துக்குத் தெற்கே நடந்த ஒன்றை நான் எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. நூறளவு ஓங்கில்கள் படகைச் சூழ்ந்துகொண்டன. வழக்கமான விளையாட்டாக இல்லை, பதற்றமாக நீந்தின. ஒரு வரிசை முன்னால் பாய்ந்து போய்ச் சட்டென்று வலப்பக்கம் திரும்பியது. திரும்ப வந்து அதையே செய்தது. திரும்பத் திரும்பச் செய்தது. அவர் திசைகாட்டியைப் பார்த்தார். தெரியாமலே காற்று மாறி, படகு ஸ்டுவர்ட் தீவின் பாறைகளை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. வலப்பக்கம் திருப்பினார். ஓங்கில்களில் ஒன்று உயரத் துள்ளி உருண்டு விழுந்தது. அதை நம்புவதும் நம்பாததும் வாசிப்பவர் பாடு. நான் நம்புகிறேன். அப்புவும் ஓங்கில் கண்டால் எஞ்சின்காரரைப் பார்த்துக் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லுவார்.

1969 பெப்ரவரி 5ஆம் திகதி கேப் ஹோர்னைச் சுற்றினார். இனி அத்லாந்திக்கில் வடக்கே ஏறினால் பிளிமத். அதிவேகப் பரிசு அவர் கைக்கு எட்டுகிற தூரம். அவர் ஏறவில்லை. மார்ச் 18ஆம் திகதி கேப் டவுனுக்கு வெளியே ஒரு எண்ணெய்க் கப்பலின் தட்டில் கவணால் ஒரு குப்பியை எறிந்தார். போட்டியை விட்டுப் பசிபிக் தீவுகளை நோக்கிப் போகிறேன், கடலில் சந்தோஷமாக இருக்கிறேன் என்பது அதில் இருந்த செய்தியின் சாரம். ஏறத்தாழ இன்னொரு அரைச்சுற்றுப் போய், பத்து மாதம் கடலில் இருந்தபின், ஜூன் 21ஆம் திகதி தாஹிதியில் நங்கூரம் போட்டார். போட்டியை முடித்த ஒரே ஆள் ரொபின் நொக்ஸ்-ஜோன்ஸ்டன் என்ற ஆங்கிலேயர், 312 நாளில்.

பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது பரிசை உதறியதைச் சொல்லிப் புல்லரிப்பார்கள். எனக்கு வேறொன்று உறுத்துகிறது. கரையில் ஒரு பெண் காத்துக்கொண்டிருந்தா. கேப் ஹோர்னைக் கூடவே கடந்தவ. காத்திருக்கிறவர்களுக்குக் கப்பல் வராமல் போவது என்ன என்று எங்கள் ஊர்ப் பெண்களைக் கேட்கவேண்டும். பூட்டி புயல் காலத்தில் மூன்று வாரம் கடற்கரையில் சமைத்துச் சாப்பிட்டவவாம், வீட்டுக்குப் போகாமல். ஆகவே அவர் செய்தது சரி என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அவர் ஏன் ஐரோப்பாவுக்குத் திரும்பவில்லை என்பது எனக்கு விளங்குகிறது. அது அவருக்கு ஊராக ஒருநாளும் இருந்ததில்லை. அவருடைய ஊர் இல்லாமல் போய்விட்டது. வெப்பமான ஒரு தீவுக்கரை, தென்னை, சின்ன வள்ளங்கள், வெறுங்காலோடு நடக்கிற பிள்ளைகள் என்று அதற்குக் கிட்டிய ஒன்றைத் தேடிப் போனார். சாவதற்கு முந்தின வருஷம், 1993இல் வெளியிட்ட நினைவுநூலைத் தொடங்கியதும் இந்தோசீனத்துச் சிறுவயதில் இருந்துதான்.

அவரிடம் எனக்குப் பொறாமை உண்டு. நாங்கள் இருவரும் கரையை இழந்தவர்கள். ஆனால் அவர் கை கடைசிவரை பாய்க்கயிற்றைப் பிடித்திருந்தது. என் கை கத்தி பிடிக்கிறது. வெங்காயத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவேன். வாடைக்கும் கொண்டலுக்கும் வித்தியாசம் கேட்டால், இப்போது யோசித்துத்தான் சொல்லவேண்டும். லா ரோஷெலில் அந்த மேடையில் நின்று ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கண்ணை மூடினேன். இடது கன்னம். காதுக்குக் கொஞ்சம் பின்னால். அது வடக்கா மேற்கா என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. திரும்பி நின்று, கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பயணத்தில் நான் அழுதது அப்போதுதான்.

1982 டிசெம்பரில் மெக்சிகோவின் கபோ சான் லூக்காஸ் கரையில் பல படகுகள் நங்கூரமிட்டிருந்தபோது எதிர்பாராத புயல் அடித்தது. இருபதுக்கும் மேற்பட்ட படகுகள் கரையில் ஏறின. அவற்றில் ஜோஷுவாவும் ஒன்று. மண்ணுக்குள் புதைந்து, பாய்மரம் முறிந்து, ஒரு பக்கம் நெளிந்து கிடந்தது. அறுபதை நெருங்குகிற மொய்த்தெசியேயிடம் அதைத் தூக்கி நிறுத்தப் பணமும் இல்லை, தெம்பும் இல்லை. உதவிக்கு வந்த இளைஞர்கள் இருவருக்கு இருபது டொலருக்குக் கொடுத்துவிட்டார். அவர்கள் மண்ணைத் தோண்டினார்கள். தண்ணீரில் இறக்கினார்கள். படகு கைமாறி, அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் சியாட்டிலுக்குக் கிட்ட வருஷக்கணக்கில் கிடந்தது. அங்கே யாரோ அடையாளம் கண்டார்கள். 1990இல் லா ரோஷெல் கடல் அருங்காட்சியகம் வாங்கிப் பிரான்சுக்குக் கொண்டுவந்தது. அவர் 1994 ஜூனில் காலமாகி, பிரெத்தோன் நாட்டு லெ போனோ ஊரில் அடக்கம் செய்யப்பட்டார். கைவிட்ட படகு திரும்ப மிதப்பதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். இப்போதும் அதைக் கண்ணாடிக்குள் வைக்கவில்லை. பாய் விரித்துக் கடலுக்கு எடுத்துப் போகிறார்கள்.

எங்கள் வீடு அப்படித் தப்பவில்லை. போர்க்காலத்தில் கடல் அடைபட்டது. அப்புவின் வள்ளம் கரையில் இருந்தே உக்கியது. இடம்பெயர்ந்து போகும்போது அம்மா காணி உறுதியையும் நகையையும் பிறப்புச் சான்றிதழையும் எடுத்தா. திசைகாட்டி பாரம் என்று விட்டுவிட்டா. திரும்பி வந்தபோது சுவாமி அறைக்குக் கூரை இல்லை. அம்மன் படம் சுவரில் இருந்தது. கீழே ஒன்றும் இருக்கவில்லை. அம்மா இன்றைக்கும் தொலைபேசியில் அதைச் சொல்லிக் குறைப்படுவா. நான் அவவைக் குறைசொன்னதே இல்லை. நான் அங்கே இருந்திருந்தால் நானும் காணி உறுதியைத்தான் எடுத்திருப்பேன்.

இரும்புக்காரனிடம் நிறைக்குப் போயிருக்கலாம். கொழும்பில் ஒரு கடை அலுமாரியில் இருக்கலாம். யாராவது ஒரு பிள்ளை விளையாட்டுச் சாமானாக எடுத்துப் போயிருக்கலாம், அந்தப் பிள்ளை இப்போது பெரிய ஆளாகியிருக்கும். இருபது டொலருக்குப் போன படகை இரண்டு பெடியள் தோண்டி எடுத்ததை நேரில் போய்ப் பார்த்து வந்த பிறகு, அது அழிந்துவிட்டது என்று நினைக்க என்னால் முடியவில்லை.

ஆகவே இதை எழுதுகிறேன். பித்தளைக் கிண்ணம், ஒரு கைப்பிடி அகலம், தடித்த கண்ணாடி, ஒரு பக்கத்தில் சின்னக் கீறல். உங்கள் வீட்டில் இருந்தால் திருப்பித் தரவேண்டாம். எப்படி வந்தது என்றும் நான் கேட்கமாட்டேன். வருஷத்தில் ஒருநாள் புளி போட்டுத் துலக்குங்கள். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால், கையில் கொடுத்து ஒருமுறை சுற்றி வர விடுங்கள்.